கோடைக்கு வீடு, மாடித்தோட்டம், விடுமுறைப் பயணம்: கையைக் கடிக்காத செலவில் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்ததும் உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். பதில்கள் தமிழ்நாட்டு வீடுகளை, அதிலும் கான்கிரீட் மேல்தளம் போட்ட வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். அதனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம்.

வீடு

கையில் இரண்டாயிரம், மூவாயிரம்தான் இருக்கிறது. முதலில் எதில் போடுவது?

மொட்டை மாடியில். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், சாயங்காலம் தொடங்கி இரவு வெகுநேரம் வரை அந்தச் சூட்டைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் ஃபேன் அனலை இறக்குவது இதனால்தான். மாடிக்கு அடுத்தது மேற்குச் சுவரும் மேற்கு ஜன்னலும். வெயிலை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் விரட்டுவது செலவு பிடித்த வேலை. வெளியிலேயே மறிப்பது மலிவு. வீட்டுக்கும் செடிக்கும் பயணத்துக்கும் இதே கணக்குதான், கீழே பார்ப்பீர்கள்.

கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும். ஆனால் மாடி வேலையை மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். ஏப்ரலில் ஆளும் கிடைக்காது, நின்று செய்யவும் முடியாது.

சுண்ணாம்பு அடிப்பதா, கூல் ரூஃப் பெயிண்டா?

இரண்டும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சுகள்தான். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்தில் போய்விடும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். பெயிண்ட் பல மடங்கு விலை, நன்றாக அடித்தால் சில ஆண்டுகள் நிற்கும். எது அடித்தாலும் நேர் கீழே உள்ள அறையில் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். மாடிக்கு நேர் கீழே இல்லாத வீட்டுக்கு இதனால் லாபம் இல்லை. அடுக்குமாடியில் இடைத்தளத்தில் இருப்பவரா? மாடிப் பூச்சுக்கு உங்களிடம் பங்கு கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் எஸ்ஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள். வெயிலைத் திருப்புவதும் சூட்டை விடுவதும் சேர்ந்த அளவு அது. 100-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. வெறும் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது கசிவுக்கான சரக்கு, சூட்டுக்கானது அல்ல. தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து, அரசு, வணிகக் கட்டடங்களுக்குக் குளிர்கூரையைக் கட்டாயமாக்கியது.

என் கருத்து: சொந்த வீடு, கையில் காசு இருக்கிறது என்றால் பெயிண்ட். மற்ற எல்லோருக்கும் சுண்ணாம்பு.

சுண்ணாம்பை நாங்களே அடிக்க முடியுமா?

தாராளமாக. ஆயிரம் சதுர அடிக்குள் உள்ள மாடியை இருவர் இரண்டு சாயங்காலத்தில் முடிக்கலாம்.

முதலில் மாடியைப் பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். தட்டோடு பதித்த மாடி என்றால் இடுக்குகளில் விரிசல் இருக்கும். அதை அடைக்காமல் மேலே வெள்ளை அடிப்பது வீண்.

கடையில் நீற்றிய தூள் கிடைத்தால் வேலை சுலபம். சுட்ட சுண்ணாம்புக் கல்லாக வாங்கினால் நீங்களே நீற்ற வேண்டும். இரும்பு டிரம்மில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை அவசியம், பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள். ஒரு ராத்திரி ஊறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்கு ஃபெவிகால் வகைப் பசை கொஞ்சம் சேர்த்துக் கலக்குங்கள். அந்தக் காலத்தில் வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றுவார்கள்.

முதல் பூச்சு நீர்மோர் பதத்தில் இருக்க வேண்டும். தளத்தை ஈரமாக்கி, வெயில் தாழ்ந்ததும் ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் பிடிப்பதற்குள் காய்ந்து, கால் வைத்ததும் மாவாக ஒட்டிக்கொண்டு வரும். மறுநாள் சாயங்காலம் இரண்டாவது பூச்சு, முதலில் கிழக்கு மேற்காக அடித்திருந்தால் இப்போது வடக்கு தெற்காக. மூன்றாவது பூச்சு உங்கள் விருப்பம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சதுர அடியை அடிக்காமல் விட்டுவையுங்கள். இரண்டு நாள் கழித்து மதியம் இரண்டு மணிக்கு அதன் மேல் ஒரு உள்ளங்கையும் வெள்ளையின் மேல் ஒரு உள்ளங்கையும் வைத்துப் பாருங்கள். அடிக்காத இடத்தில் கை நிற்காது. காசு வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். மழைநீர் சேகரிப்புக் குழாய் கிணற்றுக்கோ சம்ப்புக்கோ போகிறது என்றால், பூசிய பிறகு வரும் முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள்.

வெள்ளை அடித்த மாடியில் வடாம் காயப்போடலாமா?

தரையில் நேராகப் போடாதீர்கள், சுண்ணாம்பு ஒட்டும். கயிற்றுக் கட்டிலில் ஈர வேட்டி விரித்துப் போடுங்கள். வெள்ளையில் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காக்காய் ஓட்டவும்.

எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தகர ஷீட்டுக்கும் இதே வழியா?

இல்லை. தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது, அதற்கான வெள்ளைக் கூல் ரூஃப் பூச்சு வேண்டும். ஆஸ்பெஸ்டாஸை உலர்வாகச் சுரண்டுவது, கம்பி பிரஷ் போடுவது, துளையிடுவது எதுவும் வேண்டாம். பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து மெதுவாகத் துடைத்துவிட்டு அதன் மேல் பூசுங்கள். மேலே தென்னங்கீற்று வேய்வது நல்ல குளிர்ச்சி தரும். ஆனால் மின்கம்பி பக்கத்தில் போகும் வீட்டிலும் பட்டாசு வெடிக்கும் தெருவிலும் தீப்பிடிக்கும் பயம் உண்டு. உள்ளே தெர்மாகோல் ஒட்டுவதையும் அதே பயத்தால் நான் பரிந்துரைப்பதில்லை.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றினால் குளிருமா?

குளிரும், அன்றைக்கு மட்டும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இதைச் செய்ய மனசு வராது. கொதிக்கிற தளத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் விரிசலும் பெருகும், விரிசல் வழியே கசிவும் வரும். ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய சாக்குகளை விரித்து நனையுங்கள், குறைந்த தண்ணீர் நெடுநேரம் நிற்கும்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார். என்ன வழி?

கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடியதில் மட்டும் செலவு செய்யுங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி அல்லது பச்சை வலை, கிரில் கம்பியிலேயே கயிறு போட்டுக் கட்டலாம். உள்ளே தடித்த திரை போடுவதைவிட வெளியே மெல்லிய வலை கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டி வெயில் வந்துவிட்டால் திரை சூடேறி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். பால்கனி இருந்தால் நாலு தொட்டியில் மணிபிளான்ட்டும் ஒரு கொடியும் போதும்.

சுண்ணாம்புக்கு ஆகும் செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. மாடி அவருடையது, தூக்கம் உங்களுடையது.

ஜன்னலைப் பகலில் திறந்து வைப்பதா, மூடுவதா?

உள் மாவட்டங்களில் காலை ஒன்பதுக்கு மூடி, வெளியே காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் திறங்கள். பெரும்பாலும் ஏழு, எட்டு மணி ஆகும். இரவில் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். அது சூட்டை வெளியே தள்ள, எதிர் ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். கொசுவுக்கு வெல்க்ரோ வலை.

சென்னை, கடலூர், நாகை போன்ற கடற்கரை ஊர்களில் கணக்கு வேறு. மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், நாலு மணிக்கெல்லாம் வீடு தேறிவிடும். கடல் காற்று தாமதிக்கும் நாளில்தான் சென்னை வேகிறது.

வெட்டிவேர் தட்டி, ஏர் கூலர் எல்லாம் எங்கள் ஊருக்கு ஆகுமா?

உங்கள் ஊரில் ஈரத்துணி எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று பாருங்கள். தண்ணீர் ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாக இடமில்லை. வேலூர், கரூர், ஈரோடு, சேலம், திருச்சி, மதுரை ஆகிய ஊர்களின் வறண்ட அனலில் நனைத்த வெட்டிவேர் தட்டி நன்றாக வேலை செய்யும். ஏர் கூலரும் அப்படியே. சென்னையிலும் தூத்துக்குடியிலும் சட்டை முதுகில் ஒட்டுகிற மே மாதத்தில் கூலர் வாங்குவது, அறையைப் புழுங்கலாக்க நாமே காசு கொடுப்பது மாதிரிதான்.

கூலர் வைப்பவர்கள் அதை ஜன்னலோரம் வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறைக்குள் ஓடவிட்டால் அரை மணியில் ஈரம் நிறைந்து வேலை நின்றுவிடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

ஃபேன் சுற்றுகிறது, காற்றே வரவில்லை. புதிது வாங்கவா?

முதலில் இறக்கையைத் துடையுங்கள். அடுத்து கப்பாசிட்டரை மாற்றச் சொல்லுங்கள். வழக்கமான சீலிங் ஃபேனில் இருப்பது 2.5 மைக்ரோஃபாரட் அளவுள்ள சின்னப் பொருள், பழசாகித் தளர்ந்ததும் வேகம் குறைந்துவிடும். ஃபேன் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. எலெக்ட்ரீஷியனை வைத்து, மெயினை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

புதிது வாங்குவதாக இருந்தால் பிஎல்டிசி ஃபேன் வாங்குங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டை ஒட்டி இழுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு ஏறக்குறைய 32 யூனிட் மிச்சம். எல்லா அறைக்கும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். படுக்கை அறையும் ஹாலும் போதும், பூஜை அறை ஃபேனில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

ஏசி இருக்கிறது. பில்தான் பயமாக இருக்கிறது.

ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் என்று தோராயமாக வையுங்கள். இரவு எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட், ஏசிக்கு மட்டும். 2022-இல் வந்த மின்கட்டண அமைப்பில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டியதும் முதல் படிகளில் உள்ள சலுகையில் ஒரு பகுதியும் போகிறது, மேலே வரும் யூனிட்டுகளின் விலையும் ஏறுகிறது. ஆகவே குறி வைக்க வேண்டியது அந்த 500-ஐ. அளவெடுக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து, ஒரு மாதம் ஆனதும் மீட்டரை நீங்களே ஒருமுறை பாருங்கள்.

24-க்குக் கீழே வைக்காதீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் வரை மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட்டினால் வித்தியாசம் தெரியாது. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். மாடிக்கு வெள்ளை அடித்திருந்தால் ஏசிக்கு வேலை குறையும்.

காலை எட்டு மணிக்கே குழாயில் வெந்நீர். கறுப்புத் தொட்டியை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். தொட்டிக்கு மேலேயும் மேற்குப் பக்கமும் வலை கட்டுங்கள், வெளிப்புறம் வெள்ளை பெயிண்ட் அடித்தாலும் சரி. குளிக்க ஒரு வாளியை முந்தின இரவே குளியலறையில் பிடித்து மூடி வையுங்கள்.

மண்பானை இந்த வருஷம் குளிரவே இல்லையே?

பழைய பானையா? தண்ணீரில் உள்ள உப்பு படிந்து துளைகள் அடைத்துப்போயிருக்கும். தேங்காய் நாரால் வெளிப்புறத்தை நன்றாகத் தேயுங்கள், சோப்பு போடாதீர்கள். அப்படியும் பானை வியர்க்கவில்லை என்றால் அதைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுப் புதிது வாங்குங்கள். புதுப் பானையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஈர மணல் மேல், காற்று வரும் இடத்தில் வையுங்கள். சமையலறை மூலையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குயவரைத் திட்டக்கூடாது. வெட்டிவேரோ நன்னாரியோ போடுவது வாசனைக்கு, குளிர்ச்சிக்கு அல்ல.

மாடியும் தோட்டமும்

இருவேளை தண்ணீர் ஊற்றியும் செடிகள் கருகுகின்றன. ஏன்?

தண்ணீர் போதாமல் அல்ல, தொட்டி சுடுவதால். வெயிலில் நிற்கும் செடிப் பையின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே வேர் அதில்தான் இருக்கிறது. மூன்று வேலை செய்யுங்கள். பைகளை நெருக்கி வையுங்கள், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழட்டும். செங்கல் மேலோ கட்டை மேலோ தூக்கி வையுங்கள், தளத்தின் சூடு ஏறாது. மண்ணின் மேல் இரண்டு விரல் தடிமனுக்கு மூடாக்குப் போடுங்கள். காய்ந்த இலை, கரும்புச் சோகை, தேங்காய் நார், எது கிடைக்கிறதோ அது.

தண்ணீர் காலை ஏழுக்குள் அல்லது வெயில் இறங்கிய பின். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது வெந்நீர், அதைக் கீழே விட்டுவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். மதியம் இலை துவண்டால் பதறாதீர்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் செடி நலம். காலையிலும் துவண்டிருந்தால்தான் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

பச்சை வலை எத்தனை சதவீதம் வாங்குவது?

50 சதவீத வெயிலை மறிக்கும் வலை பெரும்பாலான காய்கறிகளுக்கும் கீரைக்கும் சரியாக இருக்கும். 75 வாங்கினால் வெண்டை ஒல்லியாக உயர்ந்துபோகும், காய்க்காது. செடிக்கு நேர் மேலே ஒட்டிக் கட்டாமல் ஏழடி உயரத்துக்காவது கட்டுங்கள், காற்று போக வேண்டும். முழு மாடிக்கும் வேண்டாம். மேற்குப் பக்கமும் தலைக்கு மேலும் போதும், காலை வெயில் செடிக்கு வேண்டியதுதான்.

கம்பத்தைக் கைப்பிடிச் சுவரில் கட்டுங்கள், தளத்தில் துளை போட்டால் மழைக்காலத்தில் அழுவீர்கள். ஆனி பிறந்ததும் வலையைக் கழற்றி மடித்து நிழலில் வைத்துவிடுங்கள். ஆடிக் காற்றில் விட்டால் கம்பத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போகும்.

சித்திரையில் என்ன விதைத்தால் வரும்?

வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை, பருப்புக்கீரை. இவை வெயிலைத் தாங்கும். கத்தரியும் மிளகாயும் ஏற்கெனவே வளர்ந்து நின்றால் பிழைக்கும், புதிதாக நாற்று வைக்க இது காலமல்ல. தக்காளி 35 டிகிரிக்கு மேல் பூவை உதிர்த்துவிடும். அதற்கு உரம் போட்டுப் பயனில்லை, விட்டுவிடுங்கள். புதினாவையும் கொத்தமல்லியையும் நிழலுக்கு மாற்றுங்கள்.

மாவுப்பூச்சி இந்த மாதங்களில் கட்டாயம் வரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவும். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

மாடித்தோட்டத்துக்கான பை, விதை, தென்னை நார்க்கழிவு அடங்கிய தொகுப்பைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்திருக்கிறது. வட்டார அலுவலகத்தில் இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் கடையில் வாங்குங்கள்.

ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு சின்னத் தொகை. அதற்கு வழியில்லை என்றால் குளிராமல் போன அந்தப் பழைய பானை இருக்கிறதல்லவா? அது சொட்டுகூடக் கசியவிடாமல் அடைத்துப்போயிருக்காது. பெரிய தொட்டியில் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வையுங்கள், மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். சின்னப் பைகளை எல்லாம் மாடிப்படி நிழலுக்குக் கொண்டுவந்து ஒன்றாக வையுங்கள்.

ஆர்ஓ கழிவு நீர், ஏசித் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர்?

ஏசித் தண்ணீர் உப்பே இல்லாதது, செடிக்கு ஊற்றலாம். ஆர்ஓ கழிவில் உப்பு கூடியிருக்கும், அது தரை துடைக்க. துவைத்த தண்ணீரில் கடைசி அலசலை மட்டும் வாழைக்கும் தென்னைக்கும் விடலாம், கீரைக்கு வேண்டாம். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுபவர் இன்னும் இருந்தால் அவரிடம் பேச வேண்டும்.

குருவிக்குத் தண்ணீர் வைத்தால் டெங்கு கொசு வராதா?

தட்டையான மண்சட்டியில் வைத்து தினமும் கொட்டித் தேய்த்து மாற்றினால் வராது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சட்டியில் ஒரு கல்லைப் போட்டு வையுங்கள், தேனீ உட்கார்ந்து குடிக்கும்.

வெளியே கிளம்பினால்

பிள்ளைகள் ஊட்டி, கொடைக்கானல் என்கிறார்கள். குறைந்த செலவில் போக முடியுமா?

போகலாம், அரசுப் பேருந்தில். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நாளுக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. காரில் போவதாக இருந்தால் கிளம்பும் வாரம் என்ன விதி நடப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அறை போடுங்கள், அறை போட்டுவிட்டுப் பாஸ் தேடாதீர்கள்.

நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டருக்கும் இடம் கிடைக்கவில்லை என்றால் குன்னூர்–உதகை பகுதிக்கு மட்டும் முயலுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே போதும், ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வர அவர்களால் ஆகாது.

மே மாத வார இறுதியில் போகவே போகாதீர்கள் என்பதுதான் என் உண்மையான பதில்.

ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை குளிருமா?

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதகை 2,200 மீட்டருக்கு மேல், ஏற்காடு 1,500-ஐ ஒட்டி, ஏலகிரி 1,100-ஐ ஒட்டி. கீழே ஜோலார்பேட்டையே 400 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது, அதனால் அங்கே 40 என்றால் ஏலகிரியில் 35, 36. மதியம் குளிர் இல்லை, ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு அருமையாக இருக்கும். அதனால் ஏலகிரிக்கு ஒரு இரவு தங்குவதாக இருந்தால் போங்கள், காலையில் போய் மாலையில் திரும்புவது வீண். ஏற்காடு சேலத்திலிருந்து பேருந்தில் போய்வரக்கூடியது, ஒரு நாளுக்கும் தாங்கும்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் வெறும் வயிறும் வேண்டாம், முழு வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். ஆகாய கங்கை அருவிக்குச் செங்குத்தாக நூற்றுக்கணக்கான படிகள். இறங்குவது எல்லோருக்கும் வரும், ஏறுவதை நினைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மே மாதத்தில் தண்ணீரும் நூலாகத்தான் விழும்.

மே மாதத்தில் குற்றாலமும் கல்லணையும் போகலாமா?

பாறை பார்க்க வேண்டும் என்றால் போகலாம். குற்றாலத்தில் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான். மேட்டூர் அணை டெல்டா பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர இன்னும் சில நாள். பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை போனால் அதே செலவில் ஆறு கண்ணில் தெரியும். கூட்டமும் பாதி.

செலவே இல்லாமல் ஒரு நாள் முழுக்க எங்கே போவது?

நூலகத்துக்கு. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப்பகுதி, ஏசி வேறு. உச்சி வெயில் நேரத்தை அங்கே கழித்துவிட்டு, சென்னை என்றால் ஐந்து மணிக்குக் கடற்கரை. மெரினாவில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள், குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய். வண்டலூருக்குப் போனால் வாசல் திறக்கும்போதே போய்விட வேண்டும். பதினொரு மணிக்குமேல் புலியும் நிழலில் படுத்துவிடும், உங்கள் பிள்ளையும் படுத்துவிடும். மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கீழடி அருங்காட்சியகம் அரை நாளுக்கு நல்ல இடம்.

பேருந்துச் செலவும் பெரிதில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் ஐந்து வயதுக்குள் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, ரயிலில் தனி இருக்கை கேட்காதவரை.

கோயில் சுற்றுலா?

காலை ஆறரைக்கு உள்ளே இருங்கள். பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், திறந்திருக்கும் பிரகாரத்தில் கருங்கல் கொதிக்கும். பிள்ளைகளுக்குப் பழைய பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கட்டுச்சோறு என்ன கொண்டுபோவது?

புளியோதரை, எலுமிச்சை சாதம் நிற்கும். தேங்காய் போட்ட எதுவும் மதியத்தைத் தாண்டாது, சாம்பார் சாதமும் அப்படித்தான். தயிர் சாதத்துக்குச் சோற்றைக் குழைய வடித்து ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பால் நிறைய, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசையுங்கள். சாப்பிடும் நேரத்துக்குள் அது தானாகத் தயிர் ஆகியிருக்கும், புளித்திருக்காது. நீர்மோரைத் தனியாக, உப்பு கொஞ்சம் தூக்கலாக.

வயதானவர்களையும் அழைத்துப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு ஒரு தம்ளர் கொடுங்கள். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்ப்பார்கள், அதனால் கழிவறை உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். பாக்கெட் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

பேச்சு குழறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டு ஆள் தடுமாறினாலோ அது வெறும் மயக்கம் அல்ல. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.